ஆதிக் கருந்துளை தேடியவர் அனுபவம்: 32 விநாடியில் நான் வழுக்கிய கதை

முதுகலை இயற்பியலில் என் ப்ராஜெக்ட், ஈர்ப்பலைத் தரவில் ஆதிக் கருந்துளைகளை, அதாவது பெருவெடிப்பை ஒட்டிய காலத்திலேயே உருவாகியிருக்கலாம் என்று கருதப்படும் கருந்துளைகளைத் தேடுவது. இதே தலைப்பை எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பெருவெடிப்பிலிருந்து படிக்க ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு மாதம் போயிற்று, கையில் ஒரு வரி நிரல்கூட இல்லை.

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஈர்ப்பலைக் கண்டறி கருவியான லைகோ பிடித்த முதல் சிக்னலை எடுங்கள். தரவு எல்லாருக்கும் இலவசம். ஏறக்குறைய 36, 29 சூரிய நிறையுள்ள இரண்டு கருந்துளைகள். சிர்ப் நிறையை (இரண்டு நிறைகளையும் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கிடைக்கும் ஓர் எண்) கையாலேயே போட்டுப் பாருங்கள், 28 வரும். அலையின் அதிர்வெண் எவ்வளவு வேகமாக ஏறும் என்பது பெரும்பாலும் இந்த ஓர் எண்ணைப் பொறுத்தது.

ஆதிக் கருந்துளை என்று நான் தேடியது ஒரு சூரிய நிறைக்கும் கீழே உள்ளவற்றை. அதனால் அப்புறம் அதே சூத்திரத்தில் 0.5, 0.5 போடுங்கள். 0.435தான் வரும். நான் வழுக்கியது இங்கேதான். முதல் சிக்னல் 0.2 விநாடியில் முடிந்துவிட்டதே என்று, பயிற்சிக்கு எடுத்த 32 விநாடிக் கோப்பையே வைத்துக்கொண்டேன். போலி சிக்னல் ஒன்றை அதற்குள் நுழைத்துத் தேடினால், 12 வரவேண்டிய சிக்னல்-இரைச்சல் விகிதம் 10-ஐத் தொடவில்லை. இரண்டு வாரம் நிரலில் பிழை தேடினேன். நிரலில் ஒரு குறையும் இல்லை. லைகோவுக்குக் கேட்கத் தொடங்கும் 20 ஹெர்ட்ஸிலிருந்து கணக்குப் போட்டால் இந்தச் சிக்னல் கிட்டத்தட்ட 15 நிமிடம் நீள்கிறது. என் கோப்பில் அதன் வால் மட்டும்தான் இருந்தது! 4096 விநாடிக் கோப்பு என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதை எடுங்கள்.

நிறை குறையக் குறையத் தேவைப்படும் டெம்ப்ளேட்டுகளும் (தரவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரி அலைகள்) பெருகும். சொந்தக் கணினி என்றால் நிறை வரம்பைச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஒன்றும் சிக்கவில்லையா? பரவாயில்லை. இணைவு விகிதத்துக்கு ஒரு மேல் வரம்பு, அதாவது இப்படிப்பட்ட கருந்துளைகள் இணைவது இதைவிட அடிக்கடி நடக்காது என்று சொன்னாலே அது முடிவுதான்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரு கேள்வி நிச்சயம் வரும்: ஏன் ஒரு சூரிய நிறைக்குக் கீழே? விண்மீன் சரிந்து அவ்வளவு சிறிய கருந்துளை உருவாக வழியில்லை என்றேன். “வெள்ளைக் குள்ளன் 0.6 சூரிய நிறைதானே?” என்று மடக்கினார்கள். சற்று யோசித்துச் சொன்னேன்: வெள்ளைக் குள்ளன், எரிந்து முடிந்த விண்மீனின் எச்சம், பூமியளவு பெரியது, இரண்டு குள்ளன்கள் 1 ஹெர்ட்ஸை எட்டும் முன்பே முட்டிக்கொள்ளும், லைகோவின் காதில் விழாது. சரி, அடுத்த ஸ்லைடு என்றார்கள்.