பத்து வரை எண்ணத் தெரியாதவன்

ஆடி பிறந்த வாரத்தில் தியானம் ஆரம்பித்தேன். ஆடியில் எதையும் புதிதாகத் தொடங்காதே என்றார் அம்மா. சும்மா உட்காருவதுகூடக் கணக்கில் சேருமா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

முறை எளிது. காலை ஐந்தரை மணிக்கு ஃபோனில் பத்து நிமிட டைமர். மூச்சை விடும்போது ஒன்று, அடுத்த மூச்சுக்கு இரண்டு. பத்து வந்ததும் மறுபடி ஒன்று. நடுவே மனசு எங்காவது போய்விட்டால் தன்னைத் திட்டிக்கொள்ளாமல் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். ஜென் மரபில் புதிதாக வருபவர்களுக்கு இந்த எண்ணிக்கையைக் கொடுப்பது வழக்கம். யுகேஜி பிள்ளை செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் நான்கைத் தாண்டவில்லை. மூன்றில் இருக்கும்போது கேஸ் புக் பண்ணினோமா என்று சந்தேகம். அதிலிருந்து சிலிண்டர் விலை, அப்புறம் மச்சான் திருப்பித் தராத கடன். நான்காம் நாள், பரவாயில்லையே, தடங்கலில்லாமல் போகிறதே என்று பார்த்தால் இருபத்தேழில் இருந்தேன். உள்ளே ஒருவன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கிறான், நான் ஊரில் இல்லை.

மனசைவிடப் பெரிய தொல்லை கால்தான். சம்மணம் போட்டு ஆறு நிமிடத்தில் இடது கால் மரத்துவிடும். எழுந்தால் பாதம் இருக்கிற இடமே தெரியாது. ஒருநாள் சுவரைப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பேன். வெறும் பாயில் உட்கார்ந்ததுதான் தப்பு. பழைய போர்வையை நாலாக மடித்து, பின்பக்கத்துக்கு மட்டும் வைத்தேன். இடுப்பு உயர்ந்து முழங்கால்கள் தரையில் படிந்தன, முதுகு தானாக நிமிர்ந்தது. ஒரு வாரம் பொறுத்துக்கொண்ட அவஸ்தை ஒரு போர்வையில் தீர்ந்தது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதலில் இதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது வாரம் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் செய்தேன். திருமந்திரத்தில் மூச்சை 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை விடும் கணக்கு இருக்கிறது. இலக்கணத்தில் மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம். நானோ சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தேன். நாற்பதை நெருங்கும்போது காது அடைத்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. அது பிராணாயாமம், பக்கத்தில் குரு இருந்து பழக வேண்டியது. நான் எடுத்த வேலையோ, வருகிற மூச்சை வருகிறபடி பார்ப்பது மட்டும். அதோடு விட்டேன்.

அந்தப் பார்ப்பதிலும் ஒரு சிக்கல். மூக்கு நுனியைக் கவனித்தால் மூச்சு தானாக வராமல் நானே இழுத்து விடுவதுபோல் ஆகிவிடுகிறது. போதாததற்கு எனக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, பாதி நாள் ஒரு பக்கம் அடைப்பு. பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாடோ வழியில் வயிறு எழுவதையும் அடங்குவதையும் கவனிக்கச் சொல்வார்கள். அதற்கு மாறிய பிறகு இழுபறி குறைந்தது.

ஆடிக் கடைசியில் தெருமுனைக் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். விடிவதற்குள் ஒலிபெருக்கி அலற ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கு அவ்வளவுதான் என்று உட்கார்ந்தால், அன்றுதான் முதல்முறையாகப் பத்து வந்தது. பெரிய சத்தத்தோடு ஒத்துப்போக முடிகிறது. சமையலறைக் குழாய் சொட்டுவதுதான் ஆளைக் கொல்கிறது. வாஷர் மாற்றியாகிவிட்டது.

ஐந்து வாரம் ஆகிறது. நடுவில் ஆறு நாள் தவறின. தூக்கம் வரும் என்றுதான் தொடங்கினேன், அதில் பெரிய மாற்றம் இல்லை. எண்ணிக்கையில் காணாமல் போனால் முன்பு டைமர் அடிக்கும்வரை தெரியாது, இப்போது ஏழெட்டு மூச்சுக்குள் பிடித்துவிடுகிறேன். கண்ணைத் திறந்ததும் அம்மா காபியோடு விசாரிக்கிறார், "பத்து வந்துச்சா?" நேற்று இரண்டு தடவை வந்தது என்றேன்.

"நான் தினம் நூத்தியெட்டு ராமஜெயம் சொல்றேன். நீ பத்துக்கே இந்த முழி முழிக்கிறியேடா."