கரண்ட் போனதும் எல்லா கம்ப்யூட்டரையும் தானாக அணைக்க

கம்ப்யூட்டருக்கெல்லாம் யூபிஎஸ் போட்டுவிட்டு அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சை நேரடியாகச் சுவரில் செருகியிருப்பவர்கள் நிறைய. கரண்ட் போன அதே நொடியில் ஸ்விட்சும் போய்விடும். பேட்டரிக்கு மாறிய தகவல் மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேராது; பேட்டரி தீரும்வரை ஓடி அவை பொத்தென்று நிற்கும். முதலில் ஸ்விட்சையும் யூபிஎஸ்ஸில் செருகுங்கள்.

இந்த வேலைக்கு 'நட்' (NUT, Network UPS Tools) என்ற இலவச மென்பொருளே போதும். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிள் செருகிய கம்ப்யூட்டர் பிரைமரி, மற்றவை செகண்டரி. செகண்டரிகள் டிசிபி 3493 என்ற நெட்வொர்க் போர்ட் வழியாகப் பிரைமரியிடம் நிலவரம் கேட்டுக்கொண்டே இருக்கும். நட் சர்வர் இயல்பில் தன் கம்ப்யூட்டருக்குள் மட்டுமே பதில் சொல்லும். நெட்வொர்க் முகவரியிலும் கேட்கும்படி மாற்றி, ஃபயர்வாலில் போர்ட்டைத் திறக்க வேண்டும்.

அணைக்கும் கட்டளை வந்ததும் செகண்டரிகள் விலகும்; பிரைமரி அதற்காக 15 நொடி வரை காத்திருக்கும். ஆனால் விலகுவது என்றால் அணையத் தொடங்கியது என்றுதான் பொருள், அணைந்து முடிந்தது என்றல்ல. டேட்டாபேஸ் ஓடும் செகண்டரிக்கு 2 நிமிடம் தேவை என்றால் பிரைமரியின் இறுதித் தாமதத்தையும் (FINALDELAY, தான் அணையும் முன் காத்திருக்கும் நேரம்) அதற்கேற்பக் கூட்டுங்கள். இயல்பில் அது வெறும் 5 நொடி.

'பேட்டரி குறைவு' என்று யூபிஎஸ் சொல்லும்வரை காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய லெட் ஆசிட் பேட்டரி 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று விழும். முழு லோடில் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று அளந்து, அதில் பாதிக்குள் எல்லாம் அணைந்து முடியும்படி டைமர் வையுங்கள்.

அணைந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டால்? பாதியில் நிறுத்தக் கூடாது. கடைசியில் யூபிஎஸ் தன் அவுட்புட்டைத் துண்டித்து மீண்டும் கொடுக்க வேண்டும். துண்டிக்காவிட்டால், பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளில்) 'கரண்ட் வந்ததும் இயங்கு' என்று வைத்திருந்தும் பயனில்லை. அந்தக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லையே!

நட் இல்லாமல், வேறு கம்ப்யூட்டரிலிருந்து விண்டோஸின் ஷட்டவுன் கட்டளையை அனுப்பினால் 'அனுமதி மறுப்பு 5' என்ற பிழைச் செய்தி வரலாம். டொமைன் (எல்லாக் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஏற்பாடு) இல்லாத இடத்தில், அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே உள்ள லோக்கல் அட்மின் கணக்குக்கும் தொலைவிலிருந்து முழு உரிமை கிடைக்காது. அதைப் பெற, விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் அக்கவுண்ட் டோக்கன் ஃபில்டர் பாலிசியை (LocalAccountTokenFilterPolicy) 1 ஆக்க வேண்டும். இதனால் பாதுகாப்பு சற்றுத் தளரும் என்பதால், எனக்கு நட்தான் மேல்.

சோதிக்கும்போது யூபிஎஸ் ப்ளக்கைப் பிடுங்காதீர்கள், எர்த்தும் போய்விடும். சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் அணையுங்கள்.