லாரன்ஸ்பர்க்கில் ஒரு பீப்பாய் போர்பன்: பத்துக்கு எட்டரை

ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரலுக்கு நான் பத்துக்கு எட்டரை போடுகிறேன். இது போர்பன், அதாவது மக்காச்சோளத்தை முதன்மையாக வைத்து வடிக்கும் அமெரிக்க விஸ்கி; பல பீப்பாய்களைக் கலக்காமல், ஒவ்வொரு பாட்டிலையும் ஒரே பீப்பாயிலிருந்து நிரப்புவதால் 'சிங்கிள் பேரல்'. கென்டக்கி மாநிலத்தில் லாரன்ஸ்பர்க் ஊருக்கே போய், அது வடியும் இடத்தில் உட்கார்ந்து ருசித்துவிட்டுப் போட்ட மதிப்பெண். அதோடு ஒரு நிபந்தனையும் உண்டு: நான் குடித்த அந்தப் பீப்பாய்க்குத்தான் எட்டரை.

லூயிவில்லிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சால்ட் ஆற்றை ஒட்டி, 1910 வாக்கில் ஸ்பானிய மிஷன் பாணியில் கட்டிய மஞ்சள் கட்டடம், வளைவுகளோடு நிற்கிறது. போர்பன் ஊர்களில் செங்கல் கட்டடங்களையே பார்த்து வந்த கண்ணுக்கு இது சட்டென்று பிடித்துப்போகிறது. உள்ளே பெரிய மரத்தொட்டிகளில் தானியக் கூழ் தானாகவே கொப்பளித்துக்கொண்டிருக்கிறது. தொட்டிமேல் குனிந்தால் புளிப்பும் பழவாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும்.

அந்தப் பழவாசனை ஈஸ்ட்டின் வேலை. பெரும்பாலான வடிசாலைகள் ஓரிரு ஈஸ்ட்டுகளோடு நிறுத்திக்கொள்ளும். இங்கே ஐந்து வகை. தானியக் கலவை இரண்டு. ஐந்தை இரண்டால் பெருக்கினால் பத்து போர்பன்கள், பத்தும் தனித்தனியாக ஊறுகின்றன. வழக்கமான மஞ்சள் லேபிள் பாட்டிலில் இவற்றைக் கலந்து ஊற்றுகிறார்கள். சிங்கிள் பேரலுக்கு ஒரே செய்முறைதான், ஓ.பி.எஸ்.வி. என்று பெயர். மக்காச்சோளம் 60%, ரை என்ற கோதுமை போன்ற தானியம் 35%, முளைகட்டிய பார்லி 5%, மென்மையான பழவாசனை தரும் 'வி' ஈஸ்ட். போர்பன் என்று சொல்லச் சட்டப்படி மக்காச்சோளம் 51% இருந்தால் போதும், உள்ளே கரியாக்கிய புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். ரை 35% என்பது போர்பன் உலகில் மிக அதிகம். காரம் அங்கிருந்துதான் வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் கிடங்கு. கென்டக்கியில் பல வடிசாலைகள் ஆறேழு மாடிக் கிடங்குகளில் பீப்பாய்களை அடுக்கும். கோடையில் மேல் மாடி கொதிக்கும், கீழ்த்தளம் குளிர்ந்து கிடக்கும்; மேலே ஊறியதும் கீழே ஊறியதும் இரண்டு வேறு சரக்காகிவிடும். ஃபோர் ரோசஸ் மட்டும் காக்ஸஸ் கிரீக் என்ற இடத்தில் ஒற்றைத் தளக் கிடங்குகள் வைத்திருக்கிறது. மேலுக்கும் கீழுக்கும் வெப்பம் அவ்வளவாக மாறாது. செய்முறை ஒன்று, ஈஸ்ட் ஒன்று, சூடும் கிட்டத்தட்ட ஒன்று. அப்படியும் இரண்டு பீப்பாய் ருசியில் வேறுபட்டால், அது பெரும்பாலும் மரத்தின் கைவண்ணம்தான். எந்த ஓக், எப்படி உலர்ந்தது, கரி எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதையெல்லாம் நாக்கில் கண்டுபிடிக்க இதைவிட நல்ல போர்பன் எனக்குத் தெரியவில்லை.

சரி, ருசிக்கு வருவோம். நிறம் அடர்ந்த தேன். மூக்கில் முதலில் வெனிலா, அப்புறம் பழுத்த பேரிக்காய், கொஞ்சம் பொறுத்தால் கிராம்பு. 50% ஆல்கஹால் என்றாலும் மூக்கைச் சுடவில்லை. முதல் மடக்கு நாக்கில் கருப்பட்டிப் பாகு மாதிரி கனமாகப் படர்ந்தது. விழுங்கும் முன்பே ரை எழுந்துவந்து, நாக்கின் இரு ஓரங்களிலும் மிளகுக் காரம் வைத்தது. அதன் பின்னால் செர்ரிப்பழம். தொண்டையில் இறங்கிய பிறகும் ஓக்கின் துவர்ப்பு நெடுநேரம் நின்றது. கசப்பாக மாறவே இல்லை. அரை மதிப்பெண்ணை அந்த நீண்ட முடிவுக்கென்றே சேர்த்தேன். மிச்சம் ஒன்றரை ஏன் போனது என்றால், நடுவில் ஒரு கணம் இனிப்பு விலகிக் காரம் மட்டும் தனியாக நின்றது.

இந்தப் பெயர் போர்பன் உலகில் திரும்பி நிமிர்ந்ததே பெரிய கதை. 1943-ல் சீகிராம் என்ற கனடா மது நிறுவனம் இதை வாங்கியது. ஐம்பதுகளின் கடைசியில், அசல் போர்பனை ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் அனுப்பிவிட்டு, அமெரிக்காவில் அதே பெயரில் மட்டமான கலப்பு விஸ்கியை விற்றார்கள். பல பத்தாண்டுகள், கென்டக்கியில் வடிந்த நல்ல சரக்கு கென்டக்கிக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. 2002-ல் ஜப்பானின் கிரின் நிறுவனம் வாங்கிய பிறகுதான் அந்தக் கலப்பு ஒழிந்தது. உள்ளிருந்து அதற்காக விடாமல் பாடுபட்டவர் தலைமை வடிப்பாளர் ஜிம் ரட்லெட்ஜ். 2004-ல் சிங்கிள் பேரல் வந்தது. ஒரு நல்ல சரக்கைச் சொந்த ஊருக்கு மீட்டுக்கொடுத்தவர் என்ற முறையில் அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

லேபிளில் கிடங்கு எண்ணும் பீப்பாய் எண்ணும் இருக்கும். வாங்கும்போது படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். லூயிவில் கடையொன்றில் வேறு எண் போட்ட பாட்டில் கிடைத்தது. அறைக்குக் கொண்டுபோய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பார்த்தோம். இரண்டாவதில் பேரிக்காய் கிடையாது. புகையிலை வாசனையும் கருகிய சர்க்கரையும் தூக்கலாக இருந்தன. முடிவும் சீக்கிரம் அறுந்தது. ஏழரைதான் போட முடிந்தது. என்னோடு வந்த நண்பர் அதற்கே ஒன்பது கொடுத்தார், அவருக்குக் காரம் குறைவாக இருந்தால்தான் பிடிக்கும். சில சொட்டுத் தண்ணீர் விட்டதும் இரண்டாவது கொஞ்சம் திறந்து, செர்ரி தலைகாட்டியது. முதலாவதற்குத் தண்ணீர் வேண்டாம், ஐஸ் இரண்டுக்குமே வேண்டாம்.