இலவசத் தளத்தில் ஒரு விளம்பரம் ஓடவிட நான் பட்ட பாடு

பதினெட்டு நாள். ஒரே ஒரு சின்ன விளம்பரத்தை ஒழுங்காக ஓடவைக்க எனக்கு ஆன காலம் அது. இரண்டு நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இதே வழியில் இறங்கப் போகிறவர்களுக்கு, என் பணம் போன இடங்களாவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இணையவழியில் ஓவியம் கற்றுக்கொடுக்கிறேன். பத்து வருடத்துக்கும் மேலாகக் காசு கொடுக்காமல் பயன்படுத்திவரும் பெரிய சமூக ஊடகத் தளம் ஒன்றில் புது வகுப்புக்கு விளம்பரம் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். விளம்பரக் கணக்குத் தொடங்குவது, படம் ஏற்றுவது எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது.

முதல் அடி வாசகத்தில் விழுந்தது. "உங்களுக்கு 40 வயது ஆகிவிட்டதா? இப்போதும் வரையக் கற்கலாம்" என்று எழுதியிருந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் நிராகரித்துவிட்டார்கள். பார்ப்பவரின் தனிப்பட்ட விவரத்தைக் குறிப்பிடுகிறதாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டு, 40 முதல் 65 வரை என்று வயதைத் தேர்ந்தெடுக்க விட்டதே அவர்கள்தானே? அதே வயதை வாசகத்தில் சொன்னால் தப்பா? வார்த்தைகளை மாற்றி மாற்றி மூன்று முறை அனுப்பினேன், மூன்றும் திரும்பி வந்தன.

அப்புறம்தான் விதிகளை வரிவரியாகப் படித்தேன். ஆளைத் தேட வயதைப் பயன்படுத்தலாம். ஆனால் அவர் வயது நமக்குத் தெரியும் என்று அவரிடமே காட்டிக்கொள்ளக் கூடாது. "எந்த வயதிலும் வரையலாம்" என்று எழுதியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். இதன் காரணமும் யோசித்தால் பிடிபடுகிறது. என்னைப் பற்றி இவர்களுக்கு இவ்வளவு தெரியுமா என்று ஒருவர் திடுக்கிட்டுத் தளத்தை மூடிவிட்டுப் போனால், அவர் கண்ணில் காட்டி விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

அடுத்தடுத்துத் திருத்தி அனுப்பியதாலோ என்னவோ, நான்காவது நாள் கணக்கையே முடக்கிவிட்டார்கள். அடையாள அட்டை கேட்டார்கள், அனுப்பினேன். பெயர் பொருந்தவில்லை என்று தானியங்கிப் பதில் வந்தது. தளத்தில் என் பெயர் சுருக்கமாக இருக்கிறது, அட்டையில் முழுசாக இருக்கிறது. உதவி அரட்டையில் கிடைத்தவர், நான் ஏற்கெனவே நிரப்பிய படிவத்தின் சுட்டியையே மூன்று தடவை ஒட்டினார். ஆறு நாள் வீண். கடைசியில் தளத்தில் இருந்த பெயரை அட்டையில் உள்ளபடி மாற்றி மறுபடி விண்ணப்பித்தேன், மறுநாளே திறந்துவிட்டார்கள். தொடங்கும் முன்பே தளத்தில் உள்ள பெயர், வங்கிக் கார்டில் உள்ள பெயர், அடையாள அட்டையில் உள்ள பெயர் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை நிராகரித்தால் உடனே மறுபடி அனுப்பாமல், விதியைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

சரி, விளம்பரம் ஓடத் தொடங்கியது. என் பணம் பெரும்பாலும் போனது இதற்குப் பிறகுதான்.

"உங்கள் நோக்கம் என்ன?" என்று ஆரம்பத்தில் ஒரு கேள்வி வரும். என் பக்கத்துக்கு ஆள் வரட்டும் என்று "டிராஃபிக்" என்பதைத் தொட்டுவிட்டேன். மூன்று நாளில் நானூறுக்கும் மேல் கிளிக். வகுப்பில் சேர்ந்தது ஒரே ஒருவர். எங்கே தப்பு என்று அறிக்கையில் விளம்பரம் காட்டப்பட்ட இடங்களைப் பிரித்துப் பார்த்தேன். பாதிக்கும் மேல் அந்தத் தளத்திலேயே இல்லை. அதோடு கூட்டு வைத்திருக்கும் வேறு செயலிகளில், முக்கால்வாசி விளையாட்டுச் செயலிகளில் காட்டியிருக்கிறார்கள். விளையாட்டின் நடுவே மூடும் குறியைத் தேடிய விரல் என் விளம்பரத்தில் பட்டிருக்கிறது. அதற்கெல்லாம் பணம் கொடுத்திருக்கிறேன்.

ஒருவர் திரையைத் தள்ளும் ஒவ்வொரு முறையும், அடுத்து வரும் விளம்பர இடத்துக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏலம் நடக்கிறது. அதிகப் பணம் சொன்னவருக்கே கிடைக்கும் என்றில்லை. சொன்ன தொகையோடு, நாம் கேட்ட செயலை இந்த ஆள் செய்வாரா என்ற கணிப்பும், விளம்பரத்தின் தரமும் சேர்ந்துதான் முடிவாகிறது. நான் கிளிக் கேட்டேன். எதைக் கண்டாலும் கிளிக் செய்பவர்களைத் தேடிக் கொடுத்தார்கள். வகுப்பில் சேருபவர்களை நான் கேட்கவே இல்லை.

"நம் விவரங்களை விற்கிறார்கள்" என்று நானும் சொல்லித் திரிந்தவன்தான். வாங்குபவனாக உட்கார்ந்தபோது ஒருவர் பெயர்கூட எனக்குக் கிடைக்கவில்லை. எத்தனை பேர், எந்த வயது, எத்தனை கிளிக், அவ்வளவுதான். விவரம் அவர்களிடமே பத்திரமாக இருக்கிறது, அதை வைத்து நம் கண் முன்னால் உள்ள இடத்தை விற்கிறார்கள். ரெடிட் என்ற விவாதத் தளம் 2024இல் கூகுளோடு ஒப்பந்தம் செய்து பதிவுகளைக் கொடுப்பது, எக்ஸ் (பழைய ட்விட்டர்) வாங்கும் மாதச் சந்தா என்று இத்தகைய தளங்கள் சம்பாதிக்க வேறு வழிகளும் உண்டு. ஆனால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் 2024 வருமானம் சுமார் 16,450 கோடி டாலர், அதில் 97 சதவீதத்துக்கு மேல் விளம்பரம்தான்.

இரண்டாவது சுற்றில், வகுப்பில் பதிவு செய்வதையே நோக்கமாக வைத்தேன். வெளிச் செயலிகளை நீக்கினேன். பதிவை நோக்கமாக வைப்பதற்கு என் இணையப் பக்கத்தில் "பிக்சல்" என்ற சிறு நிரலை ஒட்டச் சொன்னார்கள். யார் என் பக்கத்துக்கு வந்தார், யார் பதிவு செய்தார் என்று அது தளத்துக்குச் சொல்லும். நான் செருப்பைத் தேடினால் நாள் முழுக்கச் செருப்பு விளம்பரம் துரத்துவது இதனால்தான் என்று தெரிந்ததும் கை தயங்கியது. ஒரு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்று விட்டேன். தளத்துக்குள்ளேயே நிரப்பும் படிவத்தைப் பயன்படுத்தினேன். (இந்த வேவு எவ்வளவு பெறும் என்பதற்கு ஒரு கணக்கு: 2021 ஏப்ரலில், செயலிகள் பின்தொடர அனுமதிக்கலாமா என்று ஐஃபோன் தன் பயனரைக் கேட்கத் தொடங்கியது. அதனால் 2022இல் தன் வருமானம் சுமார் 1,000 கோடி டாலர் குறையும் என்று மெட்டாவே சொன்னது.)

முடிவுத் தேதி போட மறந்துவிடாதீர்கள். போடாவிட்டால் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும், செயலியை நீக்கினாலும் நிற்காது. நாள் பட்ஜெட் என்பதும் சராசரிதான், ஒரு நாள் கூடுதலாகப் பிடித்தார்கள். ஐஃபோனில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிக்குள்ளிருந்தே பதிவைப் பூஸ்ட் செய்தால் (பணம் கொடுத்து அதிகம் பேருக்குக் காட்டச் செய்தால்) ஆப்பிளுக்கு 30 சதவீதம் சேரும் என்று 2024 பிப்ரவரியில் மெட்டா அறிவித்தது. அந்தத் தளங்களில் விளம்பரம் செய்பவர்கள் உலாவி வழியாகப் போனால் தப்பிக்கலாம்.

இந்தச் சுற்றில் ஒரு வாரத்தில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள், முதல் சுற்றில் செலவழித்ததில் பாதிப் பணத்தில். நேற்று இரவு விளம்பரத்தை நிறுத்தினேன். இன்று காலை திறந்து, நின்றுதான் இருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன், நின்றிருக்கிறது. நிறுத்திய பிறகும் கடைசி பாக்கி ஒன்று பிடிப்பார்கள். அது போகும்வரை கார்டை நீக்காதீர்கள், பாக்கி என்று சொல்லி மறுபடி கணக்கை முடக்கிவிடுவார்கள்.