மேடம், 2.2 வரல

நீலகிரியில் ஒரு கல்லூரியில் 24 ஆண்டுகளாக இயற்பியல் சொல்லித் தருகிறேன். முதுகலை ஆய்வகம் என் பொறுப்பு. அதன் மூலையில், கறுப்புத் துணி போர்த்திய ஒரு மேசைமேல், அரைக்குடம் அளவில் ஒரு பிளாஸ்டிக் உருளை இருக்கிறது. சிண்டிலேட்டர் என்போம். துகள் பாய்ந்தால் அதற்குள் மிக மெல்லிய ஒளி மின்னும். அந்த மின்னலைப் பிடிக்க ஒரு போட்டோமல்டிப்ளையர் குழாய், பக்கத்தில் ஒரு பழைய கணினி. கருவி அவ்வளவுதான். என் வேலை வாழ்க்கையில் நான் அதிகம் கற்றுக்கொண்டது இந்த மூலையில்தான்.

இங்கே நடக்கும் சோதனை மியூவானின் ஆயுளை அளப்பது. மியூவான் என்பது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான, சீக்கிரம் சிதைந்துவிடும் ஒரு துகள். விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் மேல் வளிமண்டலத்தில் மோதும்போது மியூவான்கள் பிறந்து கீழே இறங்குகின்றன. உள்ளங்கையை நீட்டினால் ஒரு வினாடிக்கு ஒன்றாவது அதன் வழியே போகும். பெரும்பாலானவை உருளையைத் துளைத்துக்கொண்டு போய்விடும். நிமிடத்துக்கு ஒன்று போல, வேகம் குறைந்த மியூவான் உள்ளேயே நின்றுவிடும். நிற்கும்போது ஒரு மின்னல். சிறிது நேரத்தில் சிதைந்து எலக்ட்ரானை உமிழும்போது இன்னொரு மின்னல். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணினி எழுதி வைக்கும். ஒரு வாரம் ஓடவிட்டால் பத்தாயிரம் நேரங்கள் சேரும். வரைபடம் போட்டு, கோடு பொருத்தி, சராசரி ஆயுளைச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் இருக்கும் விடை 2.197 மைக்ரோவினாடி.

மாணவர்கள் எல்லோரும் 2.2 கொண்டுவந்தார்கள். ஆண்டுதோறும், ஒருவர் விடாமல். 2.19, 2.21, 2.20. நானும் டிக் போட்டு மதிப்பெண் கொடுத்தேன். எக்ஸ்டர்னலாக வந்தவர்களும் திருப்தியாகப் போனார்கள்.

எனக்கும் அப்படித்தான் நடந்திருந்தது. சமவெளியில் நான் எம்.எஸ்சி. படித்தபோது முதலில் வந்த விடை 2.09. மறுநாள் வைவா. பயந்துபோய், வரைபடத்தின் முதல் சில புள்ளிகளை நீக்கினேன். தற்செயலாகச் சேரும் பொய் மின்னல்களுக்காகக் கழிக்க வேண்டிய எண்ணைக் கொஞ்சம் குறைத்தேன். 2.19 வந்தது. ரெக்கார்டு நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதினேன். முழு மதிப்பெண். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எண் ஒன்றையும் மாற்றவில்லையே, புள்ளிகளைத் 'தேர்ந்தெடுத்தேன்', அவ்வளவுதானே என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஃபுளோரிடாவைச் சுற்றி மெக்ஸிகோ வளைகுடா வழியே ஒரு காந்த வளையம் போன கதைதான் என்னை உலுக்கியது. 2013-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்திலிருந்து சிகாகோ பக்கத்திலுள்ள ஃபெர்மிலேபுக்கு, ஏறக்குறைய 15 மீட்டர் அகலமுள்ள வளையத்தைக் கடல் வழியும் ஆற்று வழியும் கொண்டுபோய், கடைசியில் சாலையில் ஏற்றினார்கள். எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் லாரி ஏற்றிப் பார்த்தவர் அவர். அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு கஷ்டப்பட்டு என்ன மேடம் அளக்கப் போறாங்க?" என்றார்.

மியூவான் ஒரு குட்டிக் காந்தம். வெளிக் காந்தப்புலத்தில் அது பம்பரம் போலத் தலையாட்டும். அந்த ஆட்டத்தின் வேகத்தை ஸ்டாண்டர்டு மாடல் முன்கூட்டியே கணித்துச் சொல்கிறது. துகள்களையும் அவற்றுக்கிடையிலான விசைகளையும் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததை எல்லாம் ஒன்றாகக் கட்டிய கோட்பாடு அது. அந்த வேகத்தைத் தீர்மானிக்கும் ஓர் எண் இருக்கிறது. எளிய கணக்கில் 2 என்று வர வேண்டிய அது, வெற்றிடத்தில் தோன்றி மறையும் துகள்களின் தொந்தரவால் சற்றே கூடுகிறது. அந்தக் கூடுதல் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. நமக்குத் தெரியாத துகள் ஏதாவது இருந்தால் அதுவும் அந்தச் சிறு கூடுதலில் தன் பங்கைச் சேர்த்திருக்கும். அதனால்தான் அதைப் பத்தாவது பதினோராவது தசம இடம்வரை துரத்துகிறார்கள்.

இதை எல்லாம் சொல்லிவிட்டு, ஃபெர்மிலேப் குழுவினர் தங்கள் கடிகாரத்தைத் தாங்களே மறைத்துக்கொண்ட விஷயத்தையும் அண்ணனிடம் சொன்னேன். கருவிக்கு நேரம் காட்டும் கடிகாரத்தின் சரியான வேகம் அளக்கிறவர்களுக்குத் தெரியாது. குழுவில் இல்லாத இருவர் அதைக் கொஞ்சம் மாற்றி வைத்து, எண்ணை உறையிலிட்டு ரகசியமாக வைத்திருந்தார்கள். எல்லாப் பிழைகளையும் கணக்கிட்டு முடித்து, இனி எதையும் தொட மாட்டோம் என்று ஒப்புக்கொண்ட பிறகே உறை திறக்கப்படும். அதுவரை தாங்கள் கோட்பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோமா தூரத்தில் இருக்கிறோமா என்று ஒருவருக்கும் தெரியாது.

அண்ணன் ஆச்சரியப்படவே இல்லை. கோத்தகிரிப் பக்கம் அவருடைய ஹட்டியில், அதாவது படகர் கிராமத்தில், அரை ஏக்கர் தேயிலை உண்டு. "ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிக்கிறதுன்னு இலை போடுறவன் கிட்ட கேட்டா ஒண்ணு சொல்வான், ஏஜென்ட் கிட்ட கேட்டா ஒண்ணு சொல்வான். ரெண்டு பேரும் பொய் சொல்லல மேடம். அவங்கவங்க கண்ணுக்கு ஈரம் அப்படித்தான் தெரியும். கழிவை முதல்லயே பேசி முடிச்சிட்டு அப்புறம்தான் தராசுல வைக்கணும்."

பிழை ஆய்வு பற்றி நான் வகுப்பில் சொன்ன எதைவிடவும் இது தெளிவாக இருந்தது. அந்த ஆண்டே எங்கள் சோதனையிலும் கடிகாரத்தை மறைத்தோம். பழைய மாணவர் ஒருவர் சின்ன நிரல் எழுதிக் கொடுத்தார். கணினி பதியும் ஒவ்வொரு நேரத்தையும் அது ஒரு ரகசிய எண்ணால் பெருக்கிவிடும். 0.90-க்கும் 1.10-க்கும் இடையில் அந்த எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுப்பவர் அண்ணன். தாளில் எழுதி, உறையிலிட்டு, பசை ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டுவார். எனக்கும் சொல்ல மாட்டார். எதை நோக்கி இழுப்பது என்று தெரியாமல் மாணவர்கள் திணறினார்கள். முதல் புள்ளிகளை நீக்குவதா? ஏன் நீக்க வேண்டும்? பின்னணி எண்ணிக்கையை எங்கிருந்து எடுப்பது? அதுவரை யாரும் கேட்காத கேள்விகள் எல்லாம் ஆய்வகத்தில் எழுந்தன.

அந்த அணியில் கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம், அம்மா எஸ்டேட்டில் இலை பறிப்பவர். மூன்று வாரம் தரவு சேர்த்தாள். ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதி வைத்தாள். எல்லோர் முன்னாலும் உறையைத் திறந்து, ரகசிய எண்ணால் வகுத்துப் பார்த்தோம். 2.11 வந்தது. பிழை 0.02.

"மேடம், 2.2 வரல" என்றாள். முகம் சுருங்கிவிட்டது. மற்ற இரண்டு குழுக்களுக்கும் 2.10, 2.13. மூவருமே அழாத குறை. எனக்கு என்னுடைய 2.09 நினைவுக்கு வந்தது. ஆய்வகத்தின் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

காரணம் அன்று மாலையே கிடைத்தது. தேடியிருந்தால் 20 வருடத்துக்கு முன்பே கிடைத்திருக்கும். வானிலிருந்து வருபவற்றில் நேர்மின் மியூவானும் உண்டு, எதிர்மின் மியூவானும் உண்டு. பிளாஸ்டிக்கில் கார்பன் இருக்கிறது. உள்ளே நிற்கும் எதிர்மின் மியூவானைக் கார்பன் அணுக்கரு தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சில மியூவான்கள் சிதைவதற்கு முன்பே அணுக்கருவால் விழுங்கப்பட்டுவிடும். அதனால் கார்பனில் எதிர்மின் மியூவானின் ஆயுள் 2.03 மைக்ரோவினாடியாகக் குறைகிறது. இரண்டு வகையும் கலந்து வரும்போது எங்கள் உருளை காட்ட வேண்டிய விடை 2.12-ஐ ஒட்டியது. புத்தகத்திலிருக்கும் 2.197 தனித்து நிற்கும் மியூவானுக்கு உரியது. இந்தப் பிளாஸ்டிக்குக்கு அது விடையே இல்லை.

ஆக, 2.2 கொண்டுவந்த அத்தனை பேருக்கும் நான் தப்பான விடைக்கு மதிப்பெண் போட்டிருந்தேன். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை. நோட்டை வாங்கி 2.11-க்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

மியூவானின் ஆயுள் சாதாரண எண் இல்லை என்பதையும் அந்த வாரம்தான் வகுப்பில் ஒழுங்காகச் சொன்னேன். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வகத்தில் மியூலான் என்ற சோதனை அதைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு துல்லியத்துக்கு அளந்தது. 2.1969803 மைக்ரோவினாடி. அவர்களும் கடிகாரத்தை மறைத்துத்தான் அளந்தார்கள். பிழை பாதியாகக் குறைய நான்கு மடங்கு தரவு வேண்டும் என்பது விதி. அந்தத் துல்லியத்துக்கு லட்சம் கோடிக்கு மேல் சிதைவுகள் தேவை. எங்கள் உருளை நிமிடத்துக்கு ஒன்றாகச் சேர்த்தால் ஏறக்குறைய 19 லட்சம் ஆண்டுகள் ஆகும் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டோம்.

இந்த ஆயுளிலிருந்துதான் மியூவானைச் சிதைய வைக்கும் வலுக்குறை விசையின் பலத்தைச் சொல்லும் ஃபெர்மி மாறிலி கிடைக்கிறது. இசட், டபிள்யூ என்பவை அந்த விசையைச் சுமக்கும் துகள்கள். ஃபெர்மி மாறிலியையும் இசட் துகளின் நிறையையும் வேறு சில அளவுகளையும் வைத்து டபிள்யூ துகளின் நிறையை ஸ்டாண்டர்டு மாடல் கணிக்கிறது. 2022-ல் ஃபெர்மிலேபின் சி.டி.எஃப். குழு அறிவித்த நிறை, 80,433.5 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட், கணிப்பைவிட ஏழு சிக்மா, அதாவது பிழை வரம்பைப்போல ஏழு மடங்கு, தூரத்தில் இருந்தது. 2024-ல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் சி.எம்.எஸ். குழு கண்டது 80,360.2. கணிப்போடு ஒத்துப்போகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே துல்லியம். இரண்டும் ஒருசேரச் சரியாக இருக்க முடியாது. எங்கோ ஓரிடத்தில் ஒரு கார்பன் அணுக்கரு ஒளிந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

இசட் துகளை அளந்த கதையை மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்வேன். செர்னில் துகள் கற்றைகளைச் சுழலவிட்ட எல்.இ.பி. என்ற 27 கிலோமீட்டர் சுற்றளவு வளையம். நிலா பூமியை இழுக்கும்போது கடல் மட்டும் எழுவதில்லை, பாறையும் எழுகிறது. அதனால் வளையத்தின் சுற்றளவு ஒரு மில்லிமீட்டர் வரை மாறியது. அதுவே கற்றையின் ஆற்றலைத் தொட்டது. அது புரிந்த பிறகும் ஒரு நடுக்கம் மிச்சமிருந்தது. நள்ளிரவு தாண்டினால் அடங்கும், விடியும் முன் தொடங்கும். மின்சார ரயிலின் மின்னோட்டம் தரைவழியே கசிந்து வளையத்துக்குள் வந்துகொண்டிருந்தது. 1995-ல் ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்த நாளில் அந்த நடுக்கம் இல்லவே இல்லை.

நம் மலை ரயிலில் மின்சாரம் இல்லை. ஆனால் எங்களுக்கும் ஒரு ரயில் இருந்தது. மாலை ஏழு மணிக்கு மேல் எண்ணிக்கை சரியும், நள்ளிரவுக்குப் பிறகு நிமிரும். சூரியனா, காற்றழுத்தமா என்று ஒரு மாதம் ஆராய்ந்தோம். அண்ணன்தான் கண்டுபிடித்தார். பச்சை இலை அதிகம் வரும் மாதங்களில் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டும் விசிறிகள் இரவில் ஓடும். மின்னழுத்தம் இறங்கும். எங்கள் பழைய உயர் மின்னழுத்தப் பெட்டி அதைத் தாங்காமல் தானும் இறங்கும். ஒரு ஸ்டெபிலைசர் வாங்கியதும் சரியாயிற்று.

இந்த மாதிரித் தொல்லைகளை வெட்டி எறியத்தான் கை துடிக்கும். ஊட்டியிலேயே டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. கோலார் தங்கவயலின் ஆழத்தில் முன்பு வைத்திருந்தவை போன்ற ஆறு மீட்டர் இரும்புக் குழாய்கள், மொத்தம் 3,712, கான்கிரீட்டுக்கு அடியில் மியூவான்களை எண்ணிக்கொண்டே இருக்கின்றன. 2014 டிசம்பர் 1 அன்று இடிமழையின்போது எண்ணிக்கை சில நிமிடங்கள் சரிந்தது. மோசமான ரீடிங் என்று அதை எறிந்திருக்கலாம். எறியாமல் பின்தொடர்ந்ததால், அந்த மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்தது என்று 2019-ல் சொல்ல முடிந்தது.

தலையாட்டும் மியூவானுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2021-ல் உறையைத் திறந்து, புரூக்ஹேவனின் பழைய அளவோடு சேர்த்துப் பார்த்தபோது கணிப்புக்கும் அளவுக்கும் 4.2 சிக்மா இடைவெளி. புதிய இயற்பியல் என்று உலகமே பேசியது. முடிவு வெளியான அதே நாளில் வேறொரு குழு, கணிப்பின் கடினமான பகுதியைக் கணினியில் நேரடியாகக் கணக்கிட்டு, இடைவெளி அவ்வளவு இல்லை என்றது. 2025-ல் கோட்பாட்டாளர்கள் அந்த வழியை ஏற்றுக் கணிப்பைத் திருத்தினார்கள். ஜூனில் ஃபெர்மிலேபின் இறுதி எண் வந்தது. அந்தச் சிறு கூடுதல் பங்கு 0.001165920705, நூறு கோடியில் 127 பங்கு துல்லியம். இடைவெளி போய்விட்டது. பழைய வழியில் ஏன் வேறு எண் வந்தது என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை.

கூடலூர்ப் பெண் இப்போது வேறொரு ஊரில் ஆசிரியை. "ஏமாற்றமா இருக்கா மேடம்?" என்று அன்று வாட்ஸ்அப்பில் கேட்டாள். இல்லை என்று எழுதினேன். உறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பல ஆண்டுகள் உழைத்தவர்களின் எண் அது. கணிப்பு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்த எண் நகரவில்லை. அது எனக்குப் போதும்.

எங்கள் மூலையில் இந்த ஜூனில் 2.04 வந்திருக்கிறது. கார்பனால் மட்டும் இவ்வளவு இறங்காது. மழை தொடங்கியதும் கேபிள் இணைப்பில் ஈரம் ஏறுகிறது. குழாய்க்கும் வயதாகிவிட்டது. பழைய குழாய்களில் ஒரு மின்னலுக்குப் பின்னால் சொந்தமாகவே இன்னொரு பொய் மின்னல் வரும், அது ஆயுளைக் குறைத்துக் காட்டும். அண்ணன் கேபிளைக் கழற்றிப் பீரோவுக்குள் 40 வாட் பல்பு பக்கத்தில் காயவைத்திருக்கிறார். திங்கட்கிழமை மறுபடி மாட்டி, புதுச் சீட்டு குலுக்கப் போகிறோம்.