கவுண்ட் ஏறிய பிறகும் நிறுத்தாத ஊசி

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்து, 21 நாளுக்கு ஒருமுறை என்ற கணக்கில் கீமோ தொடங்கியபோது, என் பயமெல்லாம் முடி உதிர்வதையும் வாந்தியையும் பற்றியதாகவே இருந்தது. முதல் சுற்றின் ஒன்பதாம் நாள் இரவு உடல் நடுங்கி, காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டியது. காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500-க்கு மேல் இருக்க வேண்டிய நியூட்ரோபில்கள், அதாவது கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள், 200 மட்டுமே இருந்தன. ஐந்து நாட்கள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள்.

வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ மருந்து தாக்குவதால் ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் அடிபடுகிறது என்றும், நியூட்ரோபில்கள் ரத்தத்தில் சில மணி நேரமே உலவுவதால் வரத்து நின்றதும் அவையே முதலில் தீர்ந்துபோகின்றன என்றும் மருத்துவர் விளக்கினார். ஆகவே இரண்டாம் சுற்றில், மஜ்ஜையைத் தூண்டும் வளர்ச்சிக் காரணியான ஃபில்கிராஸ்டிம் ஊசியை நாளுக்கு 300 மைக்ரோகிராம் வீதம் போடுவதென முடிவாயிற்று. கீமோ முடிந்து 24 மணி நேரமாவது கழியாமல் அதைப் போடக் கூடாது. இல்லையெனில், ஊசியால் பெருகத் தொடங்கும் இளம் செல்களை உடலில் மிஞ்சியிருக்கும் மருந்தே அழித்துவிடும்.

இந்த ஊசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும், உறையவும் விடக் கூடாது என்பதால், துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்துப் பேருந்தில் மடியிலேயே கொண்டுவந்தோம். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, வயிற்றுத் தோலுக்கடியில் போடுவதற்குச் செவிலியரிடம் என் கணவர் கற்றுக்கொண்டார்.

மூன்று ஊசிகளுக்குப் பின் எடுத்த பரிசோதனையில் மொத்த வெள்ளை அணுக்கள் 20,000-ஐத் தாண்டியிருந்தன. ஊரில் பார்த்த மருத்துவர், கவுண்ட் ஏறிவிட்டதால் இனி ஊசி வேண்டாம் என்றார். செலவு மிச்சம் என்ற நிம்மதியில் நாங்களும் நிறுத்தியே இருப்போம். எதற்கும் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று மதுரைக்குத் தொலைபேசியில் பேசியதுதான் என்னைக் காப்பாற்றியது என்று உறுதியாக நம்புகிறேன். மஜ்ஜையில் ஏற்கெனவே இருப்பில் இருந்த அணுக்களை ஊசி வெளியே தள்ளியதால் வந்த தற்காலிக ஏற்றம் அது, உண்மையான இறக்கம் இனிமேல்தான் வரும், தொடருங்கள் என்றார்கள். அப்படியே ஒன்பதாம் நாள் நியூட்ரோபில்கள் 700-க்கு இறங்கின. பன்னிரண்டாம் நாள் 4,500-க்கு ஏறிய பிறகே ஊசியை நிறுத்தினோம். அந்தச் சுற்றில் காய்ச்சல் வரவில்லை.

அணுக்கள் ஏறும் நாட்களில் இடுப்பெலும்பும் நெஞ்செலும்பும் உள்ளிருந்து விண்விண்ணென்று தெறித்தன. பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடக்கூடும் என்பதால், தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே அதை விழுங்கச் சொல்லியிருந்தார்கள். சிவப்பணுக்களுக்கு இந்த ஊசி உதவுவதில்லை. நான்காம் சுற்றில் ஹீமோகுளோபின் குறைந்து ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று.

மூன்றாம் சுற்று முதல், ஒரு சுற்றுக்கு ஒரே ஊசியாக, அதே மருந்தின் நீண்ட நாள் வேலை செய்யும் வடிவமான பெக்ஃபில்கிராஸ்டிம் 6 மில்லிகிராம் போட்டுக்கொண்டேன். அதன் பிறகும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும் என்ற விதி மாறவில்லை. ஐந்தாம் சுற்றில் அப்படி ஒருமுறை இரவு பதினொரு மணிக்குக் கிளம்பினோம். நியூட்ரோபில்கள் 1,800 இருந்தன, இரண்டே நாளில் வீடு திரும்பினேன்.