டோர்ட்டியா ஒருவழியாக உப்பிவிட்டது

ஓரத்தில் ஒரு கொப்புளம், நடுவில் பாதி மேடு என்ற கணக்கில் இல்லை. விளிம்பிலிருந்து விளிம்பு வரை, இரண்டு படலமாகப் பிரிந்து, பந்து மாதிரி எழும்பிய மக்காச்சோள டோர்ட்டியா, அதாவது மெக்சிகோவின் மெல்லிய ரொட்டி. அதுவும் அதிர்ஷ்டத்துக்கு ஒன்று வந்தது என்றில்லாமல், பிசைந்த மாவில் பெரும்பகுதி அப்படியே வந்தது. இந்தப் பெருமையை எழுதாமல் விட மனசு வரவில்லை.

வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து நாடு நாடாகச் சமைத்துப் பார்க்கும் வரிசையில், மெக்சிகோவில் வந்து மாட்டிக்கொண்டு வெகுநாள் ஆகிறது. ஜார்ஜியாவின் கின்காலி கொழுக்கட்டையை மடிப்பு மடிப்பாகச் சுருக்கி, உள்ளே இருக்கும் சாறு ஒழுகாமல் வேகவைத்து முடித்தாயிற்று. ஜப்பானின் தமகோயாகி எனும் முட்டைச் சுருளை மகன் இப்போது யாருடைய உதவியும் இல்லாமல் சுருட்டுகிறான். மெக்சிகோ மட்டும் நகராததற்குக் காரணம் என் பிடிவாதம். பாக்கெட்டில் வரும் மாசா எனும் டோர்ட்டியா மாவைத் தொடக்கூடாது, காய்ந்த மக்காச்சோளத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நின்றுவிட்டேன். "அப்பா, அடுத்த நாட்டுக்கு எப்பதான் போவோம்?" என்று கேட்டுக் கேட்டு அவன் அலுத்துப்போனான்.

நிக்ஸ்டமல், அதாவது சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்த மக்காச்சோளம், செய்யும் முறை இதைப் படிக்கிற பலருக்கும் தெரிந்திருக்கும், அதனால் சுருக்கமாக என் அளவு மட்டும்: அரை கிலோ காய்ந்த மக்காச்சோளம், உணவுக்கென்றே விற்கும் நீற்றிய சுண்ணாம்பு 5 கிராம், ஒன்றரை லிட்டர் தண்ணீர். எவர்சில்வர் பாத்திரம்தான். சுண்ணாம்பு நீரில் அலுமினியம் அரித்துப்போகும். கொதித்ததும் தீயைக் குறைத்து, தோல் விரலில் வழுக்கும்வரை வேகவைத்து, அணைத்து மூடி இரவு முழுக்க ஊறவிடுவது. ஒரு முத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் வேகாத வெள்ளைப் புள்ளி கொஞ்சம் தெரிய வேண்டும். அந்தப் புள்ளி மறையும்வரை வெந்தால் மாவு பசை மாதிரி ஆகிவிடும், அப்புறம் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கழுவும்போது தோலை முழுசாக உரித்து எடுத்துவிட வேண்டாம். சுண்ணாம்பு நீர் தோலில் உள்ள நாரைக் கரைத்துக் கோந்து மாதிரி ஆக்குகிறது. கோதுமை மாவை ஒட்டவைக்கும் குளூட்டன் மக்காச்சோளத்தில் கிடையாதே, மாவு ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ள இந்தக் கோந்தும் ஒரு காரணம். முத்து பளபளவென்று ஆகும்வரை தேய்த்துக் கழுவினால் நிறம் அழகாக வரும், வட்டமாகத் தட்டும்போது விளிம்பு வெடிக்கும். கொஞ்சம் தோல் ஒட்டியிருக்கட்டும்.

மக்காச்சோளம் வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்வீட் கார்னைக் காயவைத்துச் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதில் சர்க்கரை அதிகம், மாவுச்சத்து குறைவு, வேலைக்கு ஆகாது. பாப்கார்ன் முத்தில் ஓரளவு வரும், ஆனால் ஓடும் உள்ளேயும் கெட்டி, அரைப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். விதைப்பதற்கென்று விற்கும் முத்தைத் தவறிக்கூட வாங்காதீர்கள். அதில் பூஞ்சைக்கொல்லி பூசி, அடையாளத்துக்குச் சாயமும் ஏற்றியிருப்பார்கள், கழுவினால் போகிற விஷயம் இல்லை. தீவனத்துக்கு விற்பதும் வேண்டாம். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கலாம், கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று அதை நம்பக்கூடாது. உணவுக்கு விற்கும், முழுசாகக் காய்ந்த, உடையாத முத்துதான் தேவை. எனக்கு அனுப்பியவர் ஒரு மூட்டையில் பாதியை நொறுங்கிய முத்தாக அனுப்பிவிட்டு, பேசினால் "எல்லாம் ஒரே சரக்குதான் சார்" என்றார். ஒரே சரக்கு இல்லை. உடைந்த முத்து முதலில் குழைந்துவிடும், முழு முத்து வேகாமல் நிற்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உப்பவில்லை என்றால் எல்லோரும் தவாவையும் தீயையும்தான் குறை சொல்கிறார்கள். நானும் அகச்சிவப்பு வெப்பமானி வரைக்கும் வாங்கிப் பார்த்தேன். கடைசியில் விடை கிரைண்டரில் இருந்தது.

மெக்சிகோவில் பழைய முறையில் மெட்டாட்டே என்ற சாய்வான கல்லில் முழங்காலிட்டு அரைப்பார்கள். மோலினோ எனும் அரவை நிலையங்களில் எரிமலைக் கல்லில் செதுக்கிய இரண்டு வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று உரசிச் சுற்றும். இரண்டிலும் முத்து நசுங்கி இழுபடுகிறது. மிக்சியின் பிளேடு முத்தைத் துண்டு துண்டாக வெட்டுகிறது, அதுவும் தண்ணீர் நிறைய ஊற்றினால்தான் ஓடும். வெளியே வரும் மாவு கைக்கு வழவழப்பாகத் தோன்றும், உள்ளே குருணை இருக்கும். அந்தக் குருணைதான் வில்லன். டோர்ட்டியாவின் மேல்படலம் மிக மெல்லியது, நடுவில் ஒரு குருணை இருந்தால் அதன் பக்கத்தில் ஆவி வெளியேற வழி கிடைத்துவிடும். ஆவி நின்றால்தானே உப்பும்?

அதனால் கல் கிரைண்டர். இங்கேயும் ஒரு சிக்கல். தண்ணீர் குறைவாக இருந்தால் கல் நின்றுவிடுகிறது, மோட்டார் சூடாகி முனகுகிறது. கல் ஓடும் அளவுக்கு ஊற்றினால் மாவு தளர்ந்து, தட்டும்போது பிளாஸ்டிக் தாளை விட்டு வர மறுக்கிறது. முத்தைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, தண்ணீரைக் கரண்டியால் தெளித்து, கல்லின் பக்கத்தில் ஏறும் மாவை விடாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவைத் தேய்த்துப் பார்த்து, "நறநறன்னுதான்டா இருக்கு, இன்னும் ஓடட்டும்" என்று நான் நிறுத்தப் போகும்போதெல்லாம் தடுத்தார். எந்தக் கருவியும் அந்த இரண்டு விரலுக்கு ஈடாகாது என்பது என் தீர்ப்பு.

தளர்ந்த மாவை என்ன செய்வது? வழக்கமாகச் சொல்லும் வழி, பாக்கெட் மாசா மாவைக் கொஞ்சம் தூவி இறுக்குவது. அந்த மாவும் நிக்ஸ்டமலை உலர்த்தி அரைத்ததுதான், மெக்சிகோவில் 1949-இல் தொடங்கிய க்ருமா நிறுவனத்தின் மசேகா அதில் பெயர்பெற்றது. எனக்கு அது ஒரு குறுக்குவழியாகப் பட்டது. மனைவி சொன்ன யோசனை வேறு: மெல்லிய பருத்தித் துணியில் மாவை விரலளவு கனத்தில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வை, நடுவில் ஒருமுறை புரட்டிவிடு. துணி ஒரு பங்கு ஈரத்தை இழுக்க, காற்று மீதியை எடுக்க, மாவு பிடிக்கு வந்தது. கவனம், மேலே பொருக்குத் தட்ட விடக்கூடாது. பிறகு பிசைந்து, ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் ஓய்வு.

பதம் பார்க்க ஒரே சோதனைதான். சின்ன உருண்டையை உள்ளங்கையில் அழுத்துங்கள். விளிம்பில் வெடிப்பு விட்டால் தண்ணீர் போதவில்லை, கையில் ஒட்டினால் கூடுதல். இரண்டும் இல்லாமல், வெடிக்கிற எல்லைக்குச் சற்று முன்னால் வரைக்கும் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த பக்கம் சாய்ந்தால் ஆவிக்கு ஏது தண்ணீர்?

அழுத்தும் கருவி பற்றியும் புலம்பிவிடுகிறேன். கீல் வைத்த இரும்புக் கருவி பார்க்கக் கம்பீரம், ஆனால் கீல் பக்கம் எப்போதும் மெலிந்துவிடுகிறது. ஒருமுறை அழுத்தி, தாளோடு அரைவட்டம் திருப்பி, இன்னொரு முறை லேசாக அழுத்தினால் சமன் ஆகும். 35 கிராம் உருண்டை, இரண்டு மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கருவி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், அடிப்பாகம் தட்டையான கண்ணாடிப் பாத்திரம் போதும். மாவு எந்தப் பக்கம் பரவுகிறது என்று மேலிருந்தே தெரியும் என்பதால் அதுதான் இதைவிட நல்லது என்றுகூடச் சொல்வேன்.

சுடுவது மகளின் துறை. வார்ப்பிரும்புத் தவா 230 முதல் 250 டிகிரி வரை. வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு மகன் கிரிக்கெட் வர்ணனை மாதிரி எண்களை அறிவித்துக்கொண்டிருந்தான். டோர்ட்டியாவைத் தவாவில் போடும்போது கையைத் தன் பக்கமிருந்து வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும், அது கையிலிருந்து நழுவி மடிப்பில்லாமல் படியும். நான் போட்டால் அடியில் காற்று சிக்கிக்கொள்கிறது. அவள் போட்டால் ஒட்டுத்தாள் மாதிரி படிகிறது, ஏன் என்று கேட்டால் "தெரியலப்பா, வருது" என்கிறாள்.

முதல் பக்கம் 15, 20 விநாடிதான். ஓரம் தவாவை விட்டு லேசாக எழும்பும், உடனே புரட்ட வேண்டும். இங்கே அதிகம் விட்டால் அந்தப் பக்கம் காய்ந்து விறைத்துவிடும், பிறகு நீளாது. இரண்டாவது பக்கம் ஒரு நிமிடம் போல, பழுப்புப் புள்ளிகள் வரும்வரை. இரண்டு பக்கமும் இப்போது படலம் கட்டிவிட்டன, ஈரம் நடுவில் அகப்பட்டிருக்கிறது. மறுபடி புரட்டினால் பத்து விநாடிக்குள் அந்த ஈரம் ஆவியாகி இரண்டு படலங்களையும் பிரிக்கும். தயங்கினால் நடுவில் விரல்நுனியால் மெதுவாக ஒரு தட்டு, அவ்வளவுதான். முதல் டோர்ட்டியா மெதுவாக முதுகைத் தூக்கியபோது மகள் போட்ட சத்தத்தில் அம்மா கிரைண்டரைக் கழுவுவதை விட்டுவிட்டு ஓடிவந்தார். சுட்டதை உடனே துணியில் சுற்றி அடுக்கி வைக்க வேண்டும். கால்மணி நேரம் தன் ஆவியிலேயே கிடந்தால்தான் மடித்தாலும் பிளக்காத மிருது வரும்.

சுண்ணாம்பு எதற்கு என்று மகன் கேட்டதற்குச் சுவை, பதம் என்று மட்டும் பதில் சொன்னால் பாதிக்கதைதான். மக்காச்சோளத்தில் நியாசின் என்ற உயிர்ச்சத்து உடம்புக்குக் கிடைக்காதபடி பிணைந்து கிடக்கிறது, சுண்ணாம்பு நீர் அதை விடுவிக்கிறது. ஐரோப்பாவுக்குப் பயிர் போனது, இந்தச் செய்முறை அதனுடன் போகவில்லை. மக்காச்சோளத்தையே நம்பிச் சாப்பிட்ட ஏழைகளிடையே பெல்லாக்ரா என்ற நோய் பரவியது. ஸ்பெயினின் அஸ்துரியாஸில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் 1735-இல் அதைக் குறித்து வைத்தார். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 1914 முதல் ஜோசப் கோல்ட்பெர்கர் ஆராய்ந்து, இது தொற்று இல்லை, உணவுக் குறைபாடு என்று காட்டினார். அந்தக் குறைந்துபோன சத்து நியாசின்தான் என்று தெரிந்தது 1937-இல். மெக்சிகோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ 2010-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது இந்தச் சுண்ணாம்புச் செய்முறையையும் விவரிப்பில் குறிப்பிட்டது நியாயம்தான்.

தொட்டுக்கொள்ளும் சல்சா பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தக்காளி, தோலுரிக்காத பூண்டு, மிளகாய் எல்லாவற்றையும் அதே தவாவில் கருக வாட்டி இடித்தது. டொமட்டில்லோ எனும் புளிப்பான பச்சைக் காய் டப்பாவில்தான் கிடைத்தது, உப்பு நீரின் வாசனைதான் தூக்கலாக இருந்தது, மறுபடி வாங்க மாட்டேன்.

தட்டையாகவே நின்றுவிட்ட டோர்ட்டியாக்கள் ஒரு டப்பாவில் இருக்கின்றன, அவற்றை முக்கோணமாக வெட்டிப் பொரித்துச் சல்சாவில் புரட்டிச் சிலாகிலேஸ் ஆக்கிவிடலாம். எனக்கு இப்போது போசோலே எனும் மக்காச்சோளக் குழம்பு மேல் ஆசை வந்துவிட்டது. அதே நிக்ஸ்டமல், ஆனால் முத்தின் நுனியில் உள்ள கெட்டியான மூக்கை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிட்டு, மலர்ந்து விரியும்வரை வேகவைக்க வேண்டும். கிள்ளுவதற்கு நாலு பேர் வேண்டும். மகள் தயார். மகன் மட்டும் இது புதுச் சமையலா, அதே மெக்சிகோவின் இழுத்தடிப்பா என்று ஓட்டெடுப்பு கேட்கிறான். அவனுக்கு எத்தியோப்பியாவின் இன்ஜெரா எனும் புளித்த மாவு ரொட்டியைத் தொடங்க வேண்டும், அதற்கான டெஃப் எனும் சிறுதானிய மாவுக்கு ஆர்டர்கூடக் கொடுத்துவிட்டான். அது மூன்று நாள் புளிக்க வேண்டிய சமாச்சாரம். அந்த மூன்று நாளில் போசோலேயை முடித்துவிடலாம் என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.